படித்து முடிக்கும்வரை

சங்கு ஊதியதும் ஐந்தாம் கூடத்தில் நாற்பது பேரும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்தார்கள். கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்த்தால் நாள் நல்லபடியாகப் போகும் என்று பூமியில் ஒரு வழக்கம் உண்டு. நிலவில் அது வழக்கமில்லை, விதி. பார்க்காவிட்டால் கழிவறைக் கதவு திறக்காது.

எல்லோருடைய இடது உள்ளங்கையிலும் தோலுக்கு அடியில் ஒரு திரை பதித்திருந்தது. கைத்திரை என்று பெயர். ஊருக்குப் பேசுவது, கதவு திறப்பது, டீ வாங்குவது, வேலைக்கு வந்ததைச் சொல்வது எல்லாம் அதன் வழியாகத்தான். தினமும் காலையில் அது ஒரு சம்மதப் பத்திரத்தைக் காட்டும். நாற்பத்துமூன்று பக்கம். அடியில் ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தான். அதற்கும் கீழே பொடி எழுத்தில், ‘தாங்கள் படித்து முடிக்கும்வரை காத்திருப்போம்’ என்று மரியாதையாக ஒரு வரி.

நாற்பது பேருக்கு ஆறு கழிவறை. யார் படிப்பார்கள்? வலது கட்டைவிரலால் ஒரு அமுக்கு, பிறகு ஓட்டம்.

கொம்பையாவும் ஒன்பது வருடமாக அப்படித்தான் அமுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு லாரி சாய்ந்து வலது கால் நசுங்கிப்போனவர். பூமியில் இரண்டு ஊன்றுகட்டைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டுதான் நடப்பார். நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆள் பத்து கிலோ. கப்பலை விட்டு இறங்கிய அன்றைக்கே அவர் நிமிர்ந்து நின்றுவிட்டார். கட்டைகளைத் துறைமுகத்திலேயே ஒப்படைத்து, சீட்டு வாங்கிக்கொண்டு நடந்து வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் போகவில்லை.

அவர் வேலை வெட்டுக்கூடத்தில். வெயிலே படாத பள்ளங்களின் அடியிலிருந்து இயந்திரங்கள் பனிப்பாறைகளைக் கொண்டுவந்து போடும். அவற்றை ரம்பத்தில் அறுத்துத் தூசி நீக்கிக் கொடுக்க வேண்டும். அதை உருக்கித்தான் ஊருக்குத் தண்ணீர், அதைப் பிரித்துத்தான் ஊருக்குக் காற்று. பனியோடு வரும் தூசி தீபாவளிக்கு மறுநாள் தெரு மணப்பதுபோல மணக்கும். நெஞ்சில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது.

கைத்திரை இருமலை எண்ணியது. ஒரு நாளைக்கு நாற்பதைத் தாண்டினால் அடுத்த கப்பலில் ஆளைக் கீழே அனுப்பிவிடுவார்கள். ‘தங்கள் உடல்நலம் கருதி’ என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. கொம்பையாவுக்கு நேற்று முப்பத்தெட்டு. ரம்பம் ஓடும்போது அந்தச் சத்தத்துக்குள் இருமிக்கொள்வார், அதுவரைக்கும் தொண்டையில் பிடித்து வைத்திருப்பார். சாப்பாட்டு நேரத்தில் ரம்பத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த அரைமணி நேரம்தான் அவருக்குப் பெரிய பாடு. கீழே போனால் மறுபடி கட்டை.

பம்பு பழுது பார்க்கும் ஜெசிந்தாவும் தூத்துக்குடிக்காரிதான், கடற்கரைப் பக்கம். அந்தக் குடியிருப்பில் காலையில் சம்மதம் அமுக்காத ஒரே ஆள் அவள். அமுக்காதவரின் கைத்திரையை நிறுவனம் தூங்க விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். சட்டம் இருந்தும் யாரும் அதைத் தொடவில்லை. காரணம் கழிவறைதான். பழுது பார்ப்பவளிடம் எல்லாக் கதவுக்கும் சாவி உண்டு, அவளுக்குக் கவலையில்லை. பேசுவதற்கும் எழுதுவதற்கும் அவளே ஒரு கருவி செய்து வைத்திருந்தாள். திறவுபேசி என்பாள்.

பூமியில் முன்னொரு காலத்தில் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது. கணினியை நடத்தும் ஆணைத்தொகுப்பு. தனியொருவருக்குச் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம். திறவுபேசிக்குள் ஓடியது அதன் எள்ளுப்பேத்தி. பழைய பம்பு மூளையைப் பிடுங்கித் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்ததால் செங்கல் அளவுக்கு இருந்தது.

“அண்ணாச்சி, இது ஒட்டுக்கேக்காது, எண்ணாது, யாருகிட்டயும் போய்ச் சொல்லாது,” என்றாள் ஜெசிந்தா. “ஆனா கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும்.”

“எம்பொஞ்சாதியோட இருவது வருசம் குடும்பம் நடத்துனவன்மா நான். குடு.”

மறுநாள் காலை அவர் சம்மதம் அமுக்கவில்லை. கைத்திரை ஒருமுறை மினுங்கிவிட்டு அணைந்தது. செங்கலைத் தூக்கிக்கொண்டு கழிவறை வாசலுக்குப் போனார். அதில் பொத்தான் கிடையாது. கதவைத் திறக்க ஒரு வரி ஆணையை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். கொம்பையா எழுத்துப் படித்ததே நாற்பத்திரண்டு வயதுக்கு மேல், இங்கே வந்தபிறகு, வெட்டுக்கூடத்து எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்து. அவர் முதலில் படித்த சொல் ‘அபாயம்’. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். எங்கேயோ ஒன்று பிசகிவிட்டது. ‘அப்படி ஒரு கதவு இல்லை’ என்றது திறவுபேசி. கதவு அவர் மூக்குக்கு நேராக இருந்தது.

பக்கத்துக் கட்டில் தவசி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கோவில்பட்டிக்காரன், வாய் சும்மா இருக்காது.

“என்ன அண்ணாச்சி, கதவைத் தொறக்கச் சொன்னா கடுதாசி எழுதிக்கிட்டு நிக்கீரு?”

“இருலே. இன்னும் ரெண்டு எழுத்து.”

“நீரு எழுதி முடிக்கதுக்குள்ள சோலி முடிஞ்சிரும்.” தவசி தன் உள்ளங்கையை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டான். “போம். இதெல்லாம் அன்றாடத்துக்கு ஆவுமா?”

அந்தக் கேள்வியைக் கூடமே கேட்டது. கேட்பதில் நியாயமும் இருந்தது. திறவுபேசி பதினோரு மணிக்கே சக்தி தீர்ந்து உறங்கிப்போகும். விழித்திருந்தால் இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்கும். டீ இயந்திரத்துக்கு அது யாரென்றே தெரியாது. தவசிதான் இரண்டு டீ வாங்கி ஒன்றை நீட்டுவான். அவன் கைத்திரை, ‘தாங்கள் தேநீர் அதிகம் அருந்துகிறீர்கள்’ என்று அவனைக் கண்டிக்கும்.

“உமக்காவ நான் ஏச்சு வாங்குதேன் பாத்துக்கிடும்,” என்பான் தவசி.

ஆனால் முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் கொம்பையா கட்டிலில் உட்கார்ந்து இருமினார். அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, கண்ணில் நீர் வரும்வரைக்கும், விலாவைப் பிடித்துக்கொண்டு இருமினார். இவ்வளவு காலத்தில் ஒளிக்காமல் இருமியும் அவர் கணக்கில் ஏறாத முதல் இருமல் அதுதான். இருமி முடித்தபோது அவர் முகம் குளித்துவிட்டு வந்தவர் முகம்போல இருந்தது. செங்கல் எவ்வளவு சூடானாலும் இனி அதை விடுவதில்லை என்று அப்போது முடிவு செய்தார்.

ஜெசிந்தா ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். இரண்டாம் மாதம் கதவுக்குப் பொத்தான் வந்தது. மூன்றாம் மாதம் டீ இயந்திரம் வழிக்கு வந்தது. சக்தி சாயங்காலம் வரைக்கும் நின்றது. அன்றாடத்துக்கு ஆகும் என்று கொம்பையா சொன்னார். மற்றவர்கள் நம்பவில்லை. அவர்களுக்கு அந்தத் தேவையும் அதுவரை வரவில்லை.

தேவையை நிறுவனமே கொண்டுவந்தது. ஒரு திங்கட்கிழமையிலிருந்து, கழிவறைக் கதவு திறக்கும் முன் கைத்திரையில் நாற்பது விநாடி விளம்பரம் ஓடியது. மூட்டுவலித் தைலம். கண்ணை மூடினால் விளம்பரம் நின்றுவிடும், திறந்தால்தான் தொடரும். காலையில் நாற்பது விநாடி என்பது எவ்வளவு நேரம் என்று ஐந்தாம் கூடம் அன்றுதான் தெரிந்துகொண்டது. புதன்கிழமை பம்பு அறை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் தவசி.

“எம்மா, அந்தச் செங்கல்ல எனக்கும் ஒண்ணு அறுத்துக் குடு.”

ஒரு மாதத்தில் கூடத்தில் எல்லோர் கையிலும் திறவுபேசி இருந்தது. நாற்பது கைத்திரைகளும் தூங்கின. நிறுவனம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் அப்படி.

எல்லோரும் மாறிய நான்காம் நாளே தவசி பம்பு அறைக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

“இதுல ஒரு கொற இருக்குமா. காலையில ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது.”

“என்ன கேக்கணும்?”

“சம்மதமான்னு கேக்கணும்லா. எந்திரிச்சு அமுக்காம ஒரு மாதிரியா இருக்கு. அமுக்குனாத்தான் அடிவயிறு எளகுது. எல்லாப் பயலும் இதத்தான் சொல்லுதானுவ, சொல்லக் கூச்சப்படுதானுவ.”

ஜெசிந்தா சிரித்துவிட்டு ஒரு சம்மதப் பொத்தானைச் சேர்த்தாள். அமுக்கினால் ஒன்றும் நடக்காது, அமுக்காவிட்டாலும் ஒன்றும் நடக்காது. இரண்டு நாள் கழித்துத் தவசி மறுபடி வந்தான். மேலே எழுத்து இல்லாமல் வெறும் பொத்தானை அமுக்குவது ஏமாந்த மாதிரி இருக்கிறதாம். அவள் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து மேலே ஒட்டினாள். பம்புக்கு வாஷர் மாற்றுவது எப்படி, பன்னிரண்டு பக்கம். அடியில், பழைய மரியாதை குறையாமல், ‘தாங்கள் படித்து முடிக்கும்வரை காத்திருப்போம்’ என்றும் போட்டுவிட்டாள். கூடத்துக்குத் திருப்தி. முப்பத்தொன்பது பேர் தினமும் காலையில் வாஷர் மாற்றச் சம்மதித்தார்கள்.

பதினோரு நாள் கழித்துக் கொம்பையா வந்தார்.

“எம்மா, ஆறாம் பக்கத்துல வாஷரைத் தலைகீழாப் போடச் சொல்லியிருக்கு. தப்புல்லா?”

ஜெசிந்தா எடுத்துப் பார்த்தாள். தப்புதான். அத்தனை பம்பு பார்த்த அவளே அதைக் கவனித்ததில்லை.

“நீங்க இத உக்காந்து படிச்சீங்களாண்ணாச்சி?”

“படிச்சு முடிக்க மட்டும் காத்திருப்போம்னு எழுதியிருக்குல்லா. அது காத்துக்கிட்டு இருக்கும்போது படிக்காம எப்படி?”

அடுத்த வாரம் நிறுவனத்தின் மேலாளர் பம்பு அறைக்கு வந்தார். அதட்டும் ஆள் இல்லை. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“இதில் யார் வேண்டுமானாலும் ஒரு பக்கம் சேர்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?”

“உண்மைதான் சார். ஒளிவுமறைவு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

“அப்படியானால் நாங்களும் ஒரு பக்கம் சேர்க்கலாமா?”

அவர் கொடுத்த பக்கத்தில் நான்கு வரிதான் இருந்தது. ‘சம்மதம் என்றால் என் கைத்திரை மறுபடி விழிக்கட்டும். வேண்டாம் என்றால் தூங்கட்டும். எதை அமுக்கினாலும் கதவு திறக்கும். இது இன்று ஒருமுறை மட்டும் கேட்கப்படும்.’ ஜெசிந்தா சூழ்ச்சி தேடி நான்குமுறை படித்தாள். ஒன்றும் இல்லை. நேர்மையான பக்கம். இதை மறுத்தால் திறவுபேசிக்கும் கைத்திரைக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தோன்றியது. எழுத்தை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கி, முதல் பக்கமாகச் சேர்த்தாள்.

காலையில் சங்கு ஊதியது. முப்பத்தொன்பது பேர் சம்மதம் அமுக்கிவிட்டு ஓடினார்கள். கொம்பையா விரலை வரியின் அடியில் ஓட்டி நான்கு வரியையும் படித்து, வேண்டாம் அமுக்கினார். அவர் கழிவறைக்குப் போனபோது எல்லோருடைய உள்ளங்கையிலும் மூட்டுவலித் தைலம் ஓடிக்கொண்டிருந்தது.

“எலே, கை முழிச்சிருச்சு!” என்று யாரோ கத்தினார்கள்.

இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது. மூன்றாம் நாள், நல்லதாகப் போயிற்று, அந்தச் செங்கலைச் சுமந்து தோள் விட்டுப்போனது என்றார்கள். மறுபடி வேண்டாம் சொல்ல வழி இருந்தது, காலையில் அமுக்காமல் இருந்தால் போதும். அமுக்காமல் இருக்க ஒருவராலும் முடியவில்லை. திறவுபேசிகளை ஆடுகிற கட்டில் கால்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். அதற்கு அவை மிகவும் பொருத்தமாக இருந்தன.

கொம்பையாவின் கைத்திரை தூங்கியது. ஆனால் அவரைச் சுற்றி முப்பத்தொன்பது கைகள் விழித்திருந்தன. அவர் இருமல் அத்தனை கைகளுக்கும் கேட்டது. முன்பும் கேட்டதுதான், இப்போதுதான் நிறுவனம் அதைத் தேடியது. யாருடையது என்று தெரியாத இருமல், நாளொன்றுக்கு அறுபத்திரண்டு. தூங்கும் கையின் இருமலை நிறுவனம் எண்ணக் கூடாது என்பது சட்டம். அருகில் இருப்பவர்கள் சாட்சி சொன்னால் எண்ணலாம் என்பதும் சட்டம். இரண்டு சாட்சி போதும்.

அடுத்த திங்கட்கிழமை காலை, கொம்பையாவின் திறவுபேசி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அது முடியும்வரை கதவு திறக்காது. அவர் வாசல் ஓரமாக நின்றார். வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்கள். பத்திரத்தில் புதிதாக ஒரு பக்கம் வந்திருந்தது. புதிய பக்கத்துக்குக் கதவருகே தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்பதால் அதுதான் திரையில் இருந்தது. வேறு வேலை இல்லாததால் அவர் அதைப் படிக்கத் தொடங்கினார்.

தவசியின் கையில் ‘என் அருகில் தினமும்’ என்பது வரைக்கும் படித்தார். தவசி அமுக்கிவிட்டு உள்ளே போய்விட்டான். அடுத்தவன் கையில் ‘கேட்கும் இருமல்’. அவனும் போனான். மூன்றாவது கையில் ‘பதினேழாம் கட்டிலில்’. நான்காவது கையில் அவருடைய பெயர் இருந்தது. தன் பெயரைப் படிக்க அவருக்கு நேரம் ஆவதில்லை. ஐந்தாவது கையில் வாக்கியத்தை முடித்தார். ‘அவருடையது என்று சாட்சி சொல்லச் சம்மதிக்கிறேன்.’

ஆறாவதாக வந்தவனின் தோளைப் பிடித்தார்.

“எலே, கொஞ்சம் நில்லு. இதைப் படிச்சுப் பாரு.”

“படிக்க நேரமா இது? கையை எடும் அண்ணாச்சி, அவசரம்!”

அவன் அமுக்கினான். கொம்பையா கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரையும் நிறுத்தவில்லை. இரண்டு போதும் என்ற இடத்தில் நிறுவனத்துக்கு முப்பத்தொன்பது சாட்சி கிடைத்தது.

சனிக்கிழமைக் கப்பலில் அவர் பெயர் இருந்தது. தவசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் வரைக்கும் வந்தான். வழியெல்லாம் கொதித்தான்.

“எந்த நன்றிகெட்ட நாயி காட்டிக் குடுத்துச்சோ, அவன் மட்டும் ஆப்பிடட்டும், பல்லப் பேத்து கையில குடுக்கேன்! உமக்குத் தெரியுமா அண்ணாச்சி, யாருன்னு?”

கொம்பையா அவனைப் பார்த்தார். தவசியின் கண் கலங்கியிருந்தது. உண்மையான கலக்கம்.

“தெரியாதுலே. விடு. டீயைக் கொறச்சுக்கோ.”

ஜெசிந்தாவும் வந்திருந்தாள். “மேலாளரோட அந்த நாலு வரிப் பக்கத்தை நான் சேத்திருக்கக் கூடாதுண்ணாச்சி,” என்றாள்.

“நல்லாப் பெரிய எழுத்தாத்தானம்மா போட்டிருந்த.”

துறைமுகத்து இயந்திரம் பழைய சீட்டைச் சரிபார்த்து, ஒன்பது வருடத்துக்கு முந்தைய இரண்டு கட்டைகளை எடுத்து நீட்டியது. அக்குளில் வைக்கும் துணி நைந்திருந்தது. கொம்பையா அவற்றை ஊன்றவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு கப்பல் வாசலுக்கு நடந்தார்.

அவரோடு கீழே போகிறவர்கள் பதினாறு பேர். முன்னமே அமுக்கிவிட்டு ஏறி, வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசல் திரையில் பயணச் சம்மதப் பத்திரம் ஒளிர்ந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சம்மதம் இல்லாமல் ஆளை ஏற்றக் கூடாது. பட்டியலில் இருக்கும் ஆளை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பவும் கூடாது. திரையின் அடியில் பொடி எழுத்தில், ‘தாங்கள் படித்து முடிக்கும்வரை காத்திருப்போம்’ என்றிருந்தது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை வந்ததில்லை.

கொம்பையா கட்டைகளைச் சுவரில் சாய்த்து வைத்தார். பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு காலிலும் சமமாக நின்றுகொண்டு முதல் எழுத்தின் அடியில் விரலை வைத்தார்.

கால்மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

“பெரியவரே, பரீட்சைக்கா படிக்கீரு? அமுக்கிட்டு ஏறும்!”

“இருங்கய்யா,” என்றார் கொம்பையா, விரலை எடுக்காமல். “இப்பத்தான் தலைப்பு முடிஞ்சிருக்கு.”